ஸ்ரான்போட் மங்கையரின் கூடைப்பந்தாட்டம்

(சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி சங்கத்தார் எம்மைப் பணித்தனர். விளையாட்டு உடலுக்கு உறுதி தரும், ஒற்றுமையை வளர்க்கும் என்பனவெல்லாம் இம்மேடையில் நீங்கள் பலமுறை கேட்டவை. ஆதலால் அவற்றைத் திரும்பச் சொல்லாமல், ஒரேயோர் அணியின் வரலாற்றை உங்கள்முன் வைக்க விரும்புகிறோம். அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலுள்ள ஸ்ரான்போட் பல்கலைக் கழகத்தின் மகளிர் கூடைப்பந்தாட்ட அணியே அது. கடல் கடந்த தேசத்துக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். முடிவில் அக்கதை நமது வாசலிலேயே வந்து நிற்கக் காண்பீர்கள்.

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் பிறந்தது. மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரிலே, கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நைஸ்மித் என்பவர், பனிக்காலத்தில் வெளியிற் சென்று விளையாட முடியாத மாணவருக்காக இரண்டு பழக்கூடைகளை மண்டபத்தின் இரு முனைகளிலும் தொங்கவிட்டு, 13 விதிகளை எழுதிக் கொடுத்தார். மறு ஆண்டே, ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை சென்டா பெரன்சன் அவ்வாட்டத்தைத் தம் மாணவியருக்குக் கற்பித்தார். பெண்கள் களைத்து விழுவர், முரட்டுத்தனம் பழகுவர் என்ற அச்சம் அந்நாளில் வலுத்திருந்தது. எனவே அவர் களத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். ஒருத்தி தன் பகுதியை விட்டு நீங்கலாகாது; பிறர் கையிலுள்ள பந்தைப் பறிக்கலாகாது; பந்தை மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்கலாகாது. இவ்விதிகளைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரான்போட் பல்கலைக் கழகம் திறக்கப்பட்டதும் அதே 1891இல்தான். பதினைந்து வயதில் இறந்துபோன தம் ஒரே மகனின் நினைவாக ஒரு தாயும் தந்தையும் நிறுவிய கல்விக்கூடம் அது. முதல் நாள் தொட்டே ஆண்களும் பெண்களும் அங்கே ஒருங்கு கற்றனர். 1896 ஏப்ரில் 4ஆம் திகதி, சான் பிரான்சிஸ்கோ நகரத்து மண்டபமொன்றில், ஸ்ரான்போட் மாணவியரும் பேர்க்லியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக் கழக மாணவியரும் பக்கத்துக்கு ஒன்பது பேராக எதிர்த்து ஆடினர். இரு பல்கலைக் கழகப் பெண்கள் தம்முட் பொருதிய முதலாவது கூடைப்பந்தாட்டம் இதுவெனக் கொள்ளப்படுகிறது. பார்வையாளர் நூற்றுக்கணக்கான பெண்கள். ஆடவர் ஒருவருக்கும் அனுமதியில்லை. சன்னல் வழியே எட்டிப் பார்க்க முயன்றவர்களைப் பெண்கள் தடிகொண்டு துரத்தினர் என்றும் சொல்வார்கள். முடிவில் ஸ்ரான்போட் 2–1 என்ற கணக்கில் வென்றது.

இத்தகைய தொடக்கம் வாய்த்த அணி நாளுக்கு நாள் வளர்ந்திருக்கும் என்றே எவரும் எண்ணுவர். நடந்ததோ வேறு. மூன்றே ஆண்டுகளில், 1899இல், பெண்கள் பிற கல்லூரிகளோடு அணியாகப் போட்டியிடுவதைப் பல்கலைக் கழகம் தடை செய்தது. அதே ஆண்டில், நிறுவனரின் மனைவியார் ஜேன் ஸ்ரான்போட் அம்மையார், ஒருங்கே கற்கும் மாணவியரின் தொகை 500ஐத் தாண்டலாகாதென வரையறுத்தார்.

ஈண்டு நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதவைச் சாத்தியோர் பெண்களின் பகைவரல்லர். பெரும்பாலும் அவர்களது நலன் விரும்பிகளே. இதற்குச் சான்று லூ ஹென்றி ஹூவர் அம்மையார். ஸ்ரான்போட்டில் மண்ணூலியல் பயின்று 1898இற் பட்டம் பெற்றவர். மேற்சொன்ன ஆட்டம் நடந்தபோது அங்கே மாணவியாயிருந்தவர். பின்னர் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவியானவர். 1923இல் அவர் முன்னின்று அமைத்த மகளிர் விளையாட்டுப் பிரிவு, ஒவ்வொரு பெண்ணும் ஏதேனுமொரு விளையாட்டில் ஈடுபட வேண்டும் என்று முழங்கியது. எவ்வளவு நல்ல எண்ணம்! ஆயினும் கல்லூரிகள் போட்டியிடுவதை அப்பிரிவு விரும்பவில்லை. பல கல்லூரிப் பெண்களையும் ஓரிடத்திற் கூட்டி, கலந்து பிரித்து ஆடவிட்டு, தேநீர் தந்து அனுப்பும் விளையாட்டு நாட்களே அதற்கு உகந்தவையாயின. வெல்ல விரும்பும் பெண் நாணமற்றவள் என்ற எண்ணம் சொல்லாமலே பரவியது. முழுக் களத்திலும் ஓடியாடும் ஐவர் ஆட்டம் 1971 வரை பெண்களுக்கு விதியாகவில்லை.

இக்கதவைத் திறந்தது ஒரு சட்டம். 1972 ஜூன் 23ஆம் திகதி ஜனாதிபதி நிக்சன் ஒப்பமிட்ட கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் பகுதி, அரசாங்கப் பணம் பெறும் எந்தக் கல்வி முயற்சியிலும் பெண்ணென்றோ ஆணென்றோ எவரையும் விலக்கலாகாது என்றது. ஆங்கிலத்தில் 37 சொற்களே கொண்ட அவ்வாக்கியத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. எனினும் அதன் பயனாய் நாடெங்கும் மகளிர் அணிகள் எழுந்தன. ஸ்ரான்போட்டின் அணியும் 1974–75 பருவத்தில் மறுபடி களமிறங்கியது. தடைக்கும் மீட்சிக்கும் இடையே கழிந்தவை 75 ஆண்டுகள். அதற்கிடையில் எத்தனையோ பெண்கள் தம் ஆற்றல் இன்னதென்று அறியாமலே பட்டம் பெற்று, மணமுடித்து, மூப்பெய்தினர். அந்தக் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

1985இல் தாரா வன்டர்வீர் அவ்வணிக்குப் பயிற்றுநராக வந்தார். சிறுமியர்க்கு அணிகள் அரிதாயிருந்த காலத்தில் ஆண்பிள்ளைகளோடு ஆடிப் பழகியவர் அவர். முதற் பருவத்தில் 13 வெற்றி, 15 தோல்வி. இரண்டாவதில் 14 வெற்றி, 14 தோல்வி. இதைக் கண்டு எவரேனும் அவரை அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பொறுத்தனர். 1990இல் ஓபேர்ண் அணியை 88–81 என வென்று ஸ்ரான்போட் தேசியக் கிண்ணத்தைப் பெற்றது. 1992இல் மீண்டும் பெற்றது. 1996 ஒலிம்பிக் விழாவில் அமெரிக்க மகளிர் தங்கம் வென்றதும் அவரது பயிற்சியிலேதான். தாழ்வும் இல்லாமலில்லை. 1998 தேசியப் போட்டியில், தம் பிரிவில் முதலிடத்து அணியாக வந்த ஸ்ரான்போட், பதினாறாம் இடத்து ஹாவார்ட்டிடம் 71–67 எனத் தோற்றது. அப்படியொரு தோல்வி அதற்குமுன் நிகழ்ந்ததில்லை. மூன்றாவது கிண்ணத்துக்கு அவர் 29 ஆண்டுகள் காத்திருந்தார். 2021இல் அரையிறுதியில் 66–65, இறுதியில் 54–53. இரண்டிலும் ஒரே புள்ளி வித்தியாசம். 125 ஆண்டுகளுக்கு முன்னைய முதல் ஆட்டத்திலும் அதே ஒரு புள்ளிதான்! 1216 வெற்றிகளோடு அவர் 2024இல் ஓய்வு பெற்றார். அவ்விடத்துக்கு வந்த கேற் பெய், 1992இல் வென்ற அணியில் ஆடியவர். அதே பல்கலைக் கழகத்திற் சட்டப் பட்டமும் பெற்றவர். விளையாடினால் படிப்புக் கெடும் என்போர்க்கு இவரே விடை.

ஆனால் சட்டம் வந்ததும் எல்லாம் சரியாயிற்று என்று எண்ணவேண்டாம். அதே 2021ஆம் ஆண்டுத் தேசியப் போட்டியில் ஆடவருக்குப் பெரியதோர் உடற்பயிற்சிக் கூடம் அமைத்திருந்தனர். மகளிருக்கோ ஒரு சிறு தட்டில் அடுக்கிய சில கைப்பளுக்கள். ஸ்ரான்போட் அணியின் பயிற்சியாளர் ஒருவரே அவ்வேற்றுமையைப் படத்தோடு வெளியிட்டார். திறந்த கதவையும் காவல் காக்க வேண்டியிருக்கிறது.

இனி நம் வாசலுக்கு வருவோம். நம் பாடசாலைப் பெண்கள் ஆடும் வலைப்பந்தாட்டம், அன்றைய மகளிர் கூடைப்பந்து இங்கிலாந்துக்குச் சென்று உருமாறிய ஆட்டமே. களத்தை மூன்றாய்ப் பிரிக்கும் கோடுகளும் மூன்று வினாடி விதியும் இன்றும் அதிலுண்டு. அச்சத்தாற் கீறிய அக்கோடுகளுக்குள்ளேயும் நம் பெண்கள் உயர்ந்தனர். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் ஆடிய இலங்கை அணி 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்றதை நாமெல்லாம் அறிவோம்.

ஆயினும் மாலை நான்கு மணிக்கு நம் ஊர் மைதானங்களைப் பாருங்கள். அங்கே நிற்போர் யார்? சாதாரணதரப் பரீட்சை நெருங்கியதும் பெண்பிள்ளைகள் பந்தை வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு விருப்பமில்லை என்கிறோம். ஸ்ரான்போட்டிலும் 75 ஆண்டுகள் விருப்பம் இல்லாமற் போகவில்லை. இடந்தான் இல்லாமற் போயிற்று.

பெரியோர்களே, இருட்டு, ஒழுங்கை, ஊர்வாய் என்று நீங்கள் அஞ்சுவது பொய்யென்று நாம் சொல்லவில்லை. அந்த அச்சத்துக்கு மருந்து கதவைச் சாத்துவதன்று. வாரத்தில் இரண்டு மாலைகளை மைதானத்தில் அவர்களுக்கென ஒதுக்குவோம். ஒரு விளக்கு நாட்டுவோம். பயிற்றுவிக்க ஓர் ஆசிரியையை அழைப்போம். தாய்மாரும் வந்து வாங்கில் அமர்ந்து பார்க்கட்டும். தோழர்களே, அவ்விரு மாலைகளிலும் நாம் விலகி நின்று, அவர்கள் வென்றாற் கைதட்டுவோம், தோற்றாற் பொறுத்திருப்போம். அடுத்த ஆண்டு மலரில் நமது ஊர்ப் பெண்கள் அணியின் முதலாவது ஆட்டக் கணக்கு அச்சேறட்டும். அது 2–1 ஆயினும் போதும்.