கத்தியைப் பிடிக்கும் முன் கையைப் பிடிப்போம்!

(புதுச்சேரியில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2024 மார்ச் 2-ஆம் தேதி. முத்தியால்பேட்டை சோலை நகரில் வீட்டருகே விளையாடிக் கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமியைக் காணவில்லை. மார்ச் 5 அன்று அதே பகுதியின் கழிவுநீர்க் கால்வாயில் அந்தப் பிஞ்சின் உடல் கிடைத்தது. கைதானவர்கள் இருவர். இருவரும் அந்தப் பகுதிக்காரர்கள். ஒருவருக்கு வயது 57, மற்றவருக்கு 19. கஞ்சாப் புழக்கத்தைத் தடுக்காததே காரணம் என்று மக்கள் கொதித்தெழுந்து வீதிக்கு வந்தார்கள். மார்ச் 8 அன்று முழு அடைப்பு. நாமும் கடைகளை அடைத்தோம். மறுநாள் ஷட்டரைத் திறந்தோம். அதற்குப் பிறகு என்ன செய்தோம்?

இந்தச் செய்தி வந்தபோது நம் தெருத் தேநீர்க் கடையில் கேட்கப்பட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "பிடிபட்டவன் யாரு? நம்ம ஆளா?" என்பதுதான். இல்லை என்றதும் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. சகோதரர்களே, அந்தப் பெருமூச்சை நினைத்து நான் வெட்கப்பட்டேன். ஒரு குழந்தை கால்வாயில் கிடக்கிறது; நமக்கோ பேர் தப்பித்தது என்ற ஆறுதல்!

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கும் தெரியும். 1997 நவம்பர் 29 அன்று கோவையில் ஒரு போக்குவரத்துக் காவலர் முஸ்லிம் இளைஞர்கள் சிலரால் குத்திக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த வெறியாட்டத்தில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். நம்மவர் கடைகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுவெடிப்பு. 58 உயிர்கள் போயின. நமக்கு இழைக்கப்பட்ட அநீதியை நாம் மேடைதோறும் பேசினோம், பேச வேண்டியதுதான். ஆனால் அந்த 58 பேரின் வீடுகளுக்கு நம்மில் எத்தனை பேர் போனோம்? குண்டு வைத்தவன் கையில் ஒரு தொழிலும், பக்கத்தில் அவனைக் கண்டிக்க ஒரு பெரியவரும் இருந்திருந்தால் என்று எத்தனை ஜமாஅத் உட்கார்ந்து யோசித்தது?

பத்தொன்பது வயதுப் பையன் ஒரே நாளில் கெட்டுப் போவதில்லை. முத்தியால்பேட்டை வழக்கை விடுங்கள். அதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீதிமன்றம், நாமல்ல. உங்கள் மஹல்லாவையே பாருங்கள். ஒரு பையன் பத்தாம் வகுப்பில் தவறுகிறான். வீட்டில் திட்டு. பள்ளிவாசலில் பின் வரிசையில் நின்று பேசினால் அங்கும் விரட்டு. தெருமுனையில் மட்டும் ஒருவன், "வாடா தம்பி" என்று கூப்பிடுகிறான். பிரியாணி வாங்கித் தருகிறான். பைக் ஓட்டக் கொடுக்கிறான். ஒரு நாள், "இந்தப் பொட்டலத்தை அங்கே கொடுத்துட்டு வா" என்கிறான். பிறகு ஒரு சண்டைக்குத் துணை நிற்கச் சொல்கிறான். முதல் வழக்கு விழுகிறது. வாப்பாவிடம் காசில்லை, ஜமாஅத் முகத்தைத் திருப்பிக் கொள்கிறது. ஜாமீனுக்குப் பணம் கட்டுபவன் அதே தெருமுனைக்காரன்தான்! அன்றைக்கு அந்தப் பையன் விலை போய்விட்டான். பிரியாணிக்கல்ல, ஜாமீன் பணத்துக்கு.

அவன் கூப்பிடும் முன் நாம் கூப்பிட்டிருக்க வேண்டாமா?

ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில் பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் ஈட்டுத்தொகை கொடுக்க வழியில்லாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுங்கள், அதுவே உங்கள் ஈட்டுத்தொகை என்று ஏற்பாடு செய்தார்கள். நேற்று வாளோடு வந்தவன் இன்று ஆசிரியன்! நமக்கோ சொந்தப் பிள்ளையைத் துணைத் தேர்வுக்கு உட்கார வைக்க நேரமில்லை. நம் பாட்டன்மார் இந்தப் பிரெஞ்சு ஊரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறி சைகோன் வரை போய் வியாபாரம் செய்தார்கள். 1935-இல் அங்கே எழுப்பப்பட்ட பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. கடிதமும் கணக்கும் எழுதத் தெரியாமலா கடல் தாண்டினார்கள்?

வணிகர்களே, உங்களிடம் கேட்பது நன்கொடை ரசீது அல்ல. கடைக்கு ஒரு பையன். தவறிய பாடத்தை எழுதி முடிக்கும் வரை மாலையில் இரண்டு மணி நேரம் அவனைப் படிக்க விடுங்கள். படிப்பு ஏறாதவனுக்கு மேட்டுப்பாளையத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, விண்ணப்பம் வாங்கி நிரப்பிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். வழக்கில் சிக்கியவன் வீட்டுக்கு வந்தால் ஜாமீன்தாரராக நிற்க ஒரு பெரியவர் முன்வரட்டும். "ரவுடிக்கு ஆதரவா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

இனி, பறிகொடுத்த வீட்டைப் பற்றி.

எங்களைப் போன்ற ஆலிம்கள் மீதே முதலில் குறை சொல்கிறேன். மய்யித்து வீட்டில் பயான் செய்வோம், துஆ ஓதுவோம், போய்விடுவோம். நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு அந்த வீடு கடன் வாங்குகிறது! மூத்தா போரில் (ஹிஜ்ரி 8) ஜஅஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, அந்த வீட்டாருக்குச் சமைத்துக் கொடுங்கள் என்றுதான் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அவர்களிடம் போய்ச் சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. மூன்று நாள் கழித்துத் தாமே வந்து, அந்தப் பிள்ளைகளை அழைத்து, நாவிதரை வரவழைத்துத் தலைமுடி மழிக்கச் செய்தார்கள். பிள்ளைகளின் தாய் அவர்கள் அநாதையானதைச் சொல்லி வருந்தியபோது, அவர்களுக்குப் பொறுப்பாளராக நானிருக்கிறேன் என்று ஆறுதல் கூறினார்கள். தகப்பனில்லாத பிள்ளையின் தலைமுடி வரை கவனித்த தலைவர்!

முத்தியால்பேட்டைக் குடும்பத்துக்கு அரசு 20 இலட்சம் ரூபாய் அறிவித்தது. ஊரே திரண்டதால் அறிவித்தது. ஊர் திரளாத கொலைகள் எத்தனை? ஒரு கூலித் தொழிலாளி குத்தப்பட்டு இறந்தால் அவர் மனைவிக்கு யார் சொல்வது, இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று? 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396-ஆவது பிரிவு அதற்குத்தான். குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கு நின்று போனாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் மனுக் கொடுக்கலாம். இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். புலன்விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் காவல்துறை குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. படித்த இளைஞனே, அந்தப் பெண்ணோடு நீதிமன்ற வாசல் வரை போய், மனுவை எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக் கொடுத்துவிட்டு வா. அவள் எந்த மதம் என்று மனுவை எழுதி முடித்த பிறகும் நீ கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்று. பாலியல் குற்றத்துக்குப் பலியான குழந்தையின் பெயரையோ படத்தையோ வெளியிடுவது போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவுப்படி குற்றம். "நீதி வேண்டும்" என்று எழுதி அனுப்பினாலும் குற்றமே. உன் கைப்பேசியில் அப்படியொரு படம் இருந்தால் இப்போதே அழித்துவிடு.

வரும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு பட்டியல் எழுதத் தொடங்குங்கள். இந்த ஆண்டு பள்ளிப் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் யார் யார். கடந்த ஐந்து ஆண்டுகளில் கொலையில் ஒருவரைப் பறிகொடுத்த வீடுகள் எவை எவை. இரண்டாவது பட்டியலை நம் தெருவோடு நிறுத்தி விடாதீர்கள். சோலை நகர் சைக்கிளில் போகும் தூரம்தான்.