பெட்டகம் எண் 392

திரைப்படங்களில் பாங்கிக் கொள்ளை என்பது பழைய சரக்கு. துப்பாக்கி, முகமூடி, கைகளைத் தூக்கி நிற்கும் சிப்பந்திகள், கட்டுக்கட்டாக நோட்டுகள், வாயிலில் காத்திருக்கும் மோட்டார் வண்டி, இவை இல்லாமல் அந்தக் கதை நடப்பதில்லை. 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இன்சைட் மேன்’ என்னும் அமெரிக்கப் படத்திலும் துப்பாக்கியும் முகமூடியும் உண்டு. ஆனால் எல்லாம் முடிந்தபின் கணக்குப் பார்த்தால் பாங்கியின் பணத்தில் ஒரு டாலரும் குறையவில்லை. ஓர் உயிரும் போகவில்லை. கிடைத்த துப்பாக்கிகளோ வெறும் பொம்மைகள். அங்ஙனமாயின் நடந்தது குற்றந்தானா? குற்றமாயின் அது யாருடையது? இதனையே இன்று நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறோம். கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல் இதைப் பேசுதல் இயலாது. படத்தை இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றிருப்போர் வானொலிப் பெட்டியைச் சிறிது நேரம் மூடி வைத்தாலும் நாம் வருந்தமாட்டோம்.

படத்தை இயக்கியவர் ஸ்பைக் லீ. கதை எழுதியவர் ரஸ்ஸல் கெவிர்ட்ஸ். இதுவே அவருடைய முதல் திரைக்கதை. நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் உள்ள ஒரு பாங்கிக்குள் வர்ணம் பூசும் தொழிலாளர் உடையில் நால்வர் நுழைகின்றனர். கதவைத் தாழிடுகின்றனர். உள்ளே அகப்பட்டவர்களைத் தம் ஆடைகளைக் களையச் செய்து, தாங்கள் அணிந்திருப்பது போன்ற உடையையும் முகமூடியையும் அணிவிக்கின்றனர். தலைவன் டால்டன் ரஸ்ஸல் என்பவன். கிளைவ் ஓவன் நடித்திருக்கிறார். வெளியே பேச்சு நடத்த வருபவர் டிடெக்டிவ் கீத் பிரேஸியர். அவராக டென்ஸல் வாஷிங்டன். பிரேஸியரும் கறை சுமத்தப்பட்டவரே. வேறொரு வழக்கில் காணாமற்போன 1,40,000 டாலரை அவர் எடுத்துக்கொண்டார் என்னும் சந்தேகம் அவர்மேல் இருக்கிறது.

கொள்ளைக்காரனும் பணயமாகப் பிடிக்கப்பட்டவனும் ஒரே கோலத்தில் இருப்பதால் விளையும் குழப்பமே இப்படத்தின் உயிர்நாடி. புகை சூழ எல்லோரும் ஒருமிக்க வெளியே ஓடிவரும்போது போலீஸார் அனைவரையும் தரையில் கிடத்தி விலங்கிடுகின்றனர். பிறகு ஒவ்வொருவராக விசாரணை. இயக்குநர் ஒரு துணிச்சலான காரியம் செய்திருக்கிறார்: முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதே, பின்னால் நடக்கப்போகும் இவ்விசாரணைக் காட்சிகளை இடையிடையே, வெளிறிய நிறத்தில், காட்டிவிடுகிறார். இறுதியில் யாரும் பிடிபடவில்லை என்பதைப் பாதிப் படத்திலேயே ஊகித்துக்கொள்கிறோம். ஆயினும் ஆவல் குறைவதில்லை. ‘என்ன நடக்கும்’ என்று கேட்டுக்கொண்டிருந்த மனம், ‘எப்படி நடந்தது’ என்று கேட்கத் தொடங்குகிறது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் நாம். ஆதலால் ஒரு காட்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல நேயர்கள் இசைய வேண்டும். உள்ளே இருப்போருக்கு அனுப்பும் உணவுப் பெட்டிகளில் போலீஸார் ஒலிவாங்கிகளை ஒளித்துவைக்கின்றனர். உள்ளிருந்து பேச்சுக் குரல் கேட்கிறது. ஆனால் என்ன மொழி என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. வேறு வழியின்றி அதை ஒலிபெருக்கியில் விட்டுத் தெருவில் கூடிநிற்கும் மக்களைக் கேட்கச் செய்கின்றனர். கட்டட வேலை செய்யும் ஒருவன் அது அல்பேனிய மொழி என்கிறான். அவனுக்கு அம்மொழி தெரியாது. அவனைவிட்டுப் பிரிந்துபோன மனைவி அந்நாட்டுப் பெண், அவ்வளவே. பொருள் தெரியாமலே ஓசையைக் கொண்டு மொழியை அடையாளம் காண்பது தில்லியில் வாழும் நம்மவர்க்குப் புதிதன்று. பஸ்ஸில் இரண்டு சொல் தமிழில் பேசினால் அடுத்திருப்பவர் நமக்கு ‘மதராஸி’ என்று பெயரிட்டு விடுகிறார். பொருள் கேட்கும் பொறுமை அவருக்கு இராது.

அந்தப் பெண்மணி வரவழைக்கப்படுகிறாள். வண்டி நிறுத்தியதற்காகத் தனக்கு விதிக்கப்பட்ட அபராதச் சீட்டுகளையும் கையோடு கொண்டுவந்து, அவற்றை ரத்துச் செய்தால்தான் உதவுவேன் என்கிறாள். மொழிபெயர்ப்புக்கு இத்தனை திறமையாகக் கூலி பேசியவரை நாம் வேறெங்கும் கண்டதில்லை! பிறகு சிறிது நேரம் கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். பேசுபவர் என்வர் ஹோஜா. 1944 முதல் அல்பேனியாவை ஆண்டு, 1985-இல் மாண்டவர். ஒலித்துக்கொண்டிருப்பது அவருடைய பழைய சொற்பொழிவின் பதிவு. போலீஸார் ஒட்டுக்கேட்பார்கள் என்பதை எதிர்பார்த்தே கொள்ளைக்காரர் அதை ஒலிக்கவிட்டிருக்கின்றனர். மொழிபெயர்ப்பாளர் கிடைத்த பிறகு மொழிபெயர்க்க ஒன்றுமில்லை என்று தெரிகிறது. இதைக் கண்டு நாம் வாய்விட்டுச் சிரித்தோம்.

அடுத்து வருவது சிரிக்கும்படியானதன்று. பாங்கிச் சிப்பந்தியான சீக்கியர் ஒருவர், கொள்ளைக்காரர் எழுதிய செய்தியோடு வெளியே அனுப்பப்படுகிறார். போலீஸார் அவரை அரபு நாட்டவர் என்று எண்ணி, வெடிகுண்டு இருக்கும் என்று அஞ்சிப் பிடித்து அழுத்துகின்றனர், தலைப்பாகையைப் பறித்துவிடுகின்றனர். பின்னர் அவரை விசாரிக்கும்போது, தலைப்பாகை திரும்பி வராமல் பேசமாட்டேன் என்கிறார். கதை ஓட்டத்துக்கு இக்காட்சி அவசியமில்லை என்று சிலர் கூறக்கூடும். நாம் அதை ஒப்புவதற்கில்லை. எல்லோருக்கும் ஒரே உடையை அணிவித்து, நல்லவன் தீயவன் என்ற அடையாளத்தையே கொள்ளைக்காரர் அழித்துவிட்ட இடத்தில், போலீஸார் தலையைப் பார்த்து ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடுகின்றனர். இது கற்பனையும் அன்று. 2001 செப்டம்பர் 11-க்கு நான்கு நாட்கள் கழித்து, அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில் ஒரு சீக்கியர் இத்தகைய மயக்கத்தாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இனிப் பெட்டகத்துக்கு வருவோம். கொள்ளைக்காரருக்கு வேண்டியது பணமன்று. 392 என்னும் எண்ணுள்ள ஒரு பாதுகாப்புப் பெட்டகம். பாங்கியின் ஏடுகளில் அந்த எண்ணே இல்லை. அதற்குரியவர் பாங்கியை நிறுவிய ஆர்தர் கேஸ். வயது முதிர்ந்தவர், அறச்செயல்களால் புகழ் பெற்றவர். கிறிஸ்டஃபர் பிளம்மர் நடித்திருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாஜிகளோடு கூடித் தொழில் செய்து ஈட்டியதே அவருடைய மூலதனம். பெட்டகத்தில் இருப்பவை அதற்குரிய பத்திரங்களும், வைரங்களும், ஒரு மோதிரமும். மோதிரம் பாரிஸ் நகரத்து யூத நண்பர் ஒருவரின் மனைவியுடையது. காப்பாற்றியிருக்கக் கூடிய நண்பரை அவர் காப்பாற்றவில்லை. இதுவும் வெறுங்கதை என்று தள்ளுவதற்கில்லை. போரில் மாண்ட யூதர்களின் கணக்குகள் பற்றிய வழக்கில், 1998-இல் ஸ்விட்ஸர்லாந்தின் பெரிய பாங்கிகள் 125 கோடி டாலர் தர இசைந்தன. அரை நூற்றாண்டுக்கு மேலாக மூடிக்கிடந்த கணக்கு அது.

குறை சொல்லவும் இடமுண்டு. தம்மைக் காட்டிக்கொடுக்கும் பத்திரங்களைக் கேஸ் ஏன் எரிக்காமல் வைத்திருந்தார்? படம் இதற்குத் தெளிவான விடை தரவில்லை. பெரிய மனிதர்களின் இரகசியங்களைக் காப்பதையே தொழிலாகக் கொண்ட பெண்மணியாக ஜோடி ஃபாஸ்டர் வந்து போகிறார். நடிப்பில் குறைவில்லை, கதையில்தான் அவருக்குப் போதிய வேலையில்லை.

கொள்ளைத் தலைவன் தப்பிய வழியோ மிக நேர்த்தியானது. அவன் தப்பவே இல்லை! பாங்கியின் சாமான் அறையில் பொய்ச் சுவர் ஒன்றை எழுப்பி, அதன் பின்னால் ஒரு வாரம் ஒளிந்திருந்து, பிறகு வாசல் வழியாகவே நடந்து செல்கிறான். இதில் இயக்குநர் நம்மை ஏமாற்றவுமில்லை. முதற் காட்சியிலேயே அவன் நம்மை நேரே நோக்கி, சிறிய அறையில் அடைபட்டிருப்பதும் சிறையில் இருப்பதும் வேறு வேறு என்று சொல்லிவிடுகிறான். நாம்தாம் அறையைச் சிறையென்று கொண்டோம்.

படத்தின் தொடக்கத்தில் ஒலிப்பது ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘சய்ய சய்யா’. 1998-இல் மணிரத்னம் எடுத்த ‘தில் ஸே’ படத்துக்காக, நீலகிரி மலை ரெயிலின் கூரைமேல் ஆடிப் படமாக்கப்பட்ட பாட்டு. ‘உயிரே’ என்னும் தமிழ் வடிவில் ‘தையா தையா’ என்று நாம் கேட்டது. நியூயார்க்கின் கட்டடங்களுக்கிடையே அது எதற்கு என்று முதலில் தோன்றியது. பல மொழியும் பல நிறமும் நெருங்கி வாழும் ஊரின் கதை அல்லவா, அங்கே அதுவும் ஒரு குரல் என்று இப்போது எண்ணுகிறோம்.

வெளியேறும் வேளையில் டால்டன், பெட்டகத்தைத் தேடி உள்ளே வரும் பிரேஸியரின்மீது மோதிவிட்டுப் போகிறான். பெட்டகத்தில் மோதிரத்தையும், அதன் வழியே தேடிச் செல்லுமாறு சொல்லும் சீட்டையும் பிரேஸியர் காண்கிறார். கேஸைத் தப்பவிட அவருக்கு மனமில்லை. அன்றிரவு வீட்டில் சட்டைப் பையைத் துழாவும்போது ஒரு வைரம் கையில் அகப்படுகிறது. பண வழக்கிலிருந்து அப்போதுதான் விடுபட்ட அந்த மனிதர், அதை என்ன செய்தார் என்பதைப் படம் காட்டவில்லை.