முன்னால் நிற்கும் பூஜ்யம்

செராஸில், கோலாலம்பூர் எல்லைக்குள், 2008 ஆகஸ்டு 5-ஆம் நாள் ஒரு பையன் பிறந்தான் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய அடையாளக் கார்டு எண்ணில் 12 இலக்கங்கள் இருக்கும். முதல் ஆறு இலக்கங்கள் 080805; அது பிறந்த தேதி. அடுத்து வரும் 14 கோலாலம்பூரைக் குறிக்கும். சிலாங்கூரில் பிறந்திருந்தால் 10.

பள்ளிப் பட்டியலைக் கணினியில் ஏற்றும் நிரல் இதை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று தள்ளிவிடும். 12 இலக்கம் 11 ஆகிவிடும். பிறகு தேடினால் பையனின் பெயர் கிடைக்காது. தேர்வுப் பதிவே தடைபடலாம். ஆகவே, கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத இலக்கங்களை எழுத்துத் தொடராகவே வைக்க வேண்டும்.

தோட்டத்து மக்களுக்கு இது புதிதன்று. பாலையும் ஒட்டுப்பாலையும் தனித்தனியாக நிறுப்பதே நம் வழக்கம். தொட்டியில் கொட்டிய பிறகு பிரிக்க முடியாது. கொட்டும் முன்பே பார்க்க வேண்டும்.

கணினியிலும் அப்படி முன்கூட்டிப் பார்க்கும் கருவி உண்டு. பைத்தான் மொழியில் எழுதும் பிள்ளைகளுக்கு மைபை என்ற கருவி இலவசமாகக் கிடைக்கிறது. எது எண், எது எழுத்துத் தொடர் என்று நிரலில் குறித்து வைத்தால், மாறிப் போன வரியை நிரல் ஓடுமுன்பே அது சுட்டிக்காட்டும். இத்தகைய வகைக் குறிப்புகளுக்கான முறை, 2015-இல் வெளிவந்த பைத்தான் 3.5-இல் வந்தது.

ஆனால், கருவி இருந்தால் மட்டும் போதாது. குறிப்பே எழுதாத பகுதிகளின் உள்ளே மைபை தானாகப் பார்ப்பதில்லை. "பிழை இல்லை" என்று அது சொன்னால், பார்த்த இடத்தில் இல்லை என்றுதான் பொருள். எனவே, "குறிப்பில்லாத பகுதியை ஏற்காதே" என்று அமைப்புக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். பழைய நிரலில் இதை ஒரே நாளில் செய்தால் குறைகள் குவிந்துவிடும். முதலில் புதிய கோப்புகளுக்குக் கண்டிப்பு. பிறகு பழையவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். குறை சொல்லும் வரிகளையெல்லாம் "விட்டுவிடு" என்று அடக்குவது கூடாது.

இன்னொன்று: மைபை நிரலைத்தான் படிக்கும், பட்டியலைப் படிக்காது. பட்டியலிலேயே பூஜ்யம் விடுபட்டிருந்தால் அதற்குத் தெரியாது. 12 இலக்கம் இருக்கிறதா என்று நிரலே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெற்றோர்களே, கணினி பயிலும் பிள்ளையிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "ஓட்டுமுன் சோதித்தாயா? எதையெல்லாம் சோதிக்கச் சொன்னாய்?" இதைக் கேட்க நமக்குக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை.