இரண்டே இரண்டு பீடி
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பாரிசவாயு என்று நம் முன்னோர் அஞ்சிய பக்கவாதத்தால் வீழ்ந்து, வேலூரிலோ திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனையிலோ கிடந்து மீண்டோர் சித்தூர், திருப்பதித் தமிழ்க் குடும்பங்களில் உளர். அவருட் சிலர், "முன்பு நாளைக்கு ஒரு கட்டுப் பீடி, இப்பொழுது இரண்டே இரண்டு" என்று பெருமிதத்தோடு கூறக் கேட்டிருக்கின்றோம். வீட்டாரும் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியைக் கலைக்கவே வந்துள்ளோம், பொறுத்தருள்க.

இருபதை ஒன்றாகக் குறைத்தால் இடரும் இருபதில் ஒரு பங்காகும் என்பது நம் மனக்கணக்கு. இரத்தக் குழாய்கள் அக்கணக்கை ஏற்பதில்லை. நாளொன்றுக்கு ஒரே சிகரெட்டுப் பிடிப்பவர்க்கும், இருபது பிடிப்பவர்க்கு நேரும் மிகை இடரில் ஏறத்தாழப் பாதி உண்டு என, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் பற்றி 2018 இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டிற்று. சிறிதளவு புகையே குருதியை உறையத் தூண்டும்; நிக்கோட்டின் இரத்த அழுத்தத்தை ஏற்றும். பீடி சிறியதாயிற்றே என்பதும் ஆறுதலன்று; அதன் நஞ்சு சிகரெட்டினுக்குக் குறைந்ததன்று.

"வந்தது வந்துவிட்டது, இனி விட்டென்ன பயன்?" என்பாரும் உளர். ஒருமுறை கண்டவர்க்கு மறுமுறை வரும் வாய்ப்புப் பிறரினும் மிகுதி என்பதை அவர் எண்ணுவதில்லை. அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் 1948 இல் தொடங்கிய ஆராய்ச்சியில், புகையை விட்டோரின் பக்கவாத இடர் இரண்டாண்டுகளில் நன்கு குறைந்து, ஐந்தாண்டுகளில் புகையாதார் நிலையை எட்டியதாக 1988 இல் கண்டனர். அது பொதுமக்களைப் பற்றிய கணக்கு. இறந்துபட்ட மூளைப் பகுதி புகையை விட்டதனால் மீளாது, எஞ்சியிருப்பது காக்கப்படும்.

விட இயலாது என்போர் திருமலையை நினைக்க. அங்கே புகைக்குத் தடை. அலிபிரியிலேயே சோதனையிட்டுப் பறித்துக்கொள்வர். இரண்டு நாள் மலைமேல் தங்குவோர் புகையின்றியே தங்குகின்றனர். அதற்குள் குருதியிற் கலந்த கார்பன் மோனாக்சைடும் நீங்கிவிடுகின்றது. ஆயினும் கீழே இறங்கியதும் கண்கள் தேடுவது பெட்டிக்கடையை! இறங்கிய நாளையே மூன்றாம் நாளாகக் கொண்டாலென்ன?

முதற் சில நாள்கள் கடுமையானவை. சினம் வரும், உறக்கம் கெடும், சிலர் மிகுதியாகவும் உண்பார். சில வாரங்களில் அது தணியும். தாய்மார்கள் அதைப் புதிய நோயென்று அஞ்சி, "ஒன்றே ஒன்று பிடித்துக்கொள்ளுங்கள்" என்று இரங்குதல் வேண்டா. வேறொன்றும் சொல்ல வேண்டியுள்ளது. வலக்கை விளங்காத தந்தைக்குத் தீக்குச்சி கிழித்துக் கொடுப்பவன் பெரும்பாலும் மகனே. கடைக்கு ஓடிப் பீடி வாங்கி வருபவனும் அவனே. 18 வயதிற்குட்பட்டோர்க்குப் புகையிலை விற்பதை 2003 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தும், அனுப்புகின்றோம்.

நிக்கோட்டின் கலந்த மெல்லும் பசை கடைகளிற் கிடைக்கின்றது. பக்கவாதம் கண்டவர் மருத்துவரைக் கேளாமல் அதை வாங்கலாகாது. அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2356. பீடிக் கட்டின் மேலேயே அச்சிட்டிருக்கின்றது.