நீருக்கு வழிவிட்ட புத்தர்



சீனாவின் தென்மேற்கே சிச்சுவான் மாகாணத்தில் லெஷான் என்றொரு ஊர். மின், டாடு, சிங்யி என மூன்று ஆறுகள் அங்கே கூடுகின்றன. அந்தக் கூடுதுறையில் செங்குத்தாக நிற்கும் செம்மணற்கல் பாறையைக் குடைந்து ஒரு புத்தரை உட்கார வைத்திருக்கிறார்கள். இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயர் அவர். உயரம் 71 மீட்டர்.

படகில் போனால் முழு உருவத்தையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். நான் மலை வழியாகப் போனேன். மேலே லிங்யுன் மடாலயம் இருக்கிறது. மேகத்தை எட்டுவது என்று அந்தப் பெயருக்குப் பொருள். ஊதுவத்திப் புகையைத் தாண்டி விளிம்புக்கு வந்தால், கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் முதலில் தெரிவது புத்தரின் தலை. ஒரு காது மட்டும் 7 மீட்டர் நீளம். அங்கிருந்து பாறையின் பக்கவாட்டில் வெட்டிய குறுகலான படிகள் வளைந்து வளைந்து கீழே இறங்குகின்றன. ஒரு வளைவில் தோள், இன்னொரு வளைவில் முழங்கால்மேல் வைத்த கை, கடைசியில் பாதம். அந்தப் பாதத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது முகம் எங்கோ தொலைவில் இருந்தது.

இதைச் செதுக்கத் தொடங்கியது 713-ஆம் ஆண்டில். அப்போது இந்தக் கூடுதுறை படகோட்டிகளுக்கு எமன். சுழலில் சிக்கிப் படகுகள் கவிழும், ஆட்கள் திரும்ப மாட்டார்கள். ஹைதோங் என்ற துறவி, புத்தர் இங்கே அமர்ந்தால் ஆறு அடங்கும் என்று நம்பி, ஊர் ஊராகப் போய்ப் பிச்சையெடுத்துப் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தில் பங்கு கேட்டு ஓர் அதிகாரி மிரட்டினானாம். "என் கண்ணைத் தருவேன், புத்தரின் காசைத் தரமாட்டேன்" என்று சொல்லித் தன் கண்ணையே தோண்டிக் கொடுத்தாராம் துறவி. கர்ணபரம்பரைக் கதைதான். ஆனால் பொதுப்பணத்தைக் காப்பதற்கு இதைவிடப் பெரிய கதையை நான் கேட்டதில்லை.

ஹைதோங் சிலை முடிவதைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின் வேலை நின்றது, மறுபடி தொடங்கியது, மறுபடி நின்றது. கடைசியில் வெய் காவ் என்ற ஆளுநர் 803-இல் முடித்து வைத்தார். மொத்தம் 90 ஆண்டுகள். முதல் உளியைப் பிடித்தவனின் பேரனோ கொள்ளுப்பேரனோ கடைசி உளியைப் பிடித்திருப்பான். அத்தனை காலமும் வெட்டியெறிந்த கல் ஆற்றில் விழுந்து விழுந்து, நீரோட்டத்தின் வேகமே தணிந்ததாகச் சொல்கிறார்கள். துறவியின் வேண்டுதல் அப்படித்தான் பலித்தது.

என்னை மிகவும் கவர்ந்தது இன்னொன்று. மணற்கல் மென்மையான கல். மழைநீர் தேங்கினால் அரித்துப் போய்விடும். சிற்பிகளுக்கு இது தெரிந்திருந்தது. தலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுருள்முடிகள் இருக்கின்றன. அந்தச் சுருள்களின் வரிசைகளுக்கிடையே நீர் வடியும் கால்களை ஒளித்து வைத்தார்கள். கழுத்துப் பட்டியிலும், ஆடை மடிப்புகளிலும், காதுகளுக்குப் பின்னாலும் அப்படியே. கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அவை மடிப்பாகவும் முடியாகவும்தான் தெரியும். சிலையை மூடி நின்ற பலமாடி மரக்கூடம் பிற்காலப் போர்களில் அழிந்தது. அன்றிலிருந்து வெட்டவெளியில் மழையில் நனைந்துகொண்டிருக்கும் இந்தப் புத்தரைக் காத்துவருவதில் அந்த வடிகால்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அழகையும் பயனையும் பிரித்துப் பார்க்காத அந்தக் கைகளை நான் வணங்குகிறேன்.

இருந்தாலும் கல்லுக்கும் மூப்பு உண்டு. மார்பிலும் வயிற்றிலும் விரிசல் கண்டதால் 2018 அக்டோபரில் தொடங்கிச் சில மாதங்கள் சாரம் கட்டிப் பழுதுபார்த்தார்கள்.

லெஷான் போகிறவர்கள் பக்கத்திலுள்ள எமெய் மலையையும் விட்டுவிடக் கூடாது. 1996-இல் இரண்டையும் சேர்த்தே உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. 3,099 மீட்டர் உயரமான மலை. உச்சிக்கருகே பொன்முடி என்ற இடத்தில் மடாலயம், காலடியில் மேகக்கடல். வழியில் வான்னியன் மடாலயத்தில், ஆறு தந்தமுள்ள யானைமேல் அமர்ந்த போதிசத்துவர் சமந்தபத்ரரின் வெண்கலச் சிலை இருக்கிறது. 980-ஆம் ஆண்டில் வார்த்தது. அந்த யானையின் முன் சற்று நேரம் நில்லுங்கள்.

மறுபடி ஆற்றங்கரைக்கு வருகிறேன். 2020 ஆகஸ்ட் மாதம் சிச்சுவானில் பெருமழை. மூன்று ஆறுகளும் கரைபுரண்டன. சிலை முன்னுள்ள மேடையில் மணல்மூட்டை அடுக்கித் தடுத்தும் வெள்ளம் நிற்கவில்லை. உயர்ந்து உயர்ந்து வந்து புத்தரின் கால்விரல்களை நனைத்தது. 1949-க்குப் பிறகு அதுவே முதல் முறை.