வேலை போனதும் ஏஜென்சியா?



சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் சாதனையைப் பேசுவதுதான் வழக்கம். வேலை போவதைப் பற்றிப் பேசட்டுமா என்று செயலாளரிடம் கேட்டபோது, "விழாவில் போய் அதையா அக்கா?" என்று தயங்கினார். இங்கேதான் பேச வேண்டும் தம்பி. வேலை போனவர்கள் ஆலோசனைக் கூட்டம் என்றால் வரமாட்டார்கள். விழாவுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

நர்ஸுக்கு வேலை போகுமா? பிரிட்டனில் போகிறது. முதியோர் இல்லத்தை இழுத்து மூடுகிறார்கள். நிறுவனத்தின் ஸ்பான்சர் உரிமம் ரத்தாகிறது. தகுதிகாண் காலம் முடியும்போது கையை விரிக்கிறார்கள். நம் வீடுகளில் பல இடங்களில் விசா மனைவியின் பெயரில் இருக்கிறது. கணவரும் பிள்ளைகளும் அவரைச் சார்ந்து வந்தவர்கள். ஒருவருக்கு வேலை போனால் வீடே ஆடிப்போகிறது. ஆனாலும் ஊரில் அம்மாவுக்குத் தெரியாது, மாமியாருக்குத் தெரியவே கூடாது. அந்த மாதம் அனுப்ப வேண்டிய பணத்தைக் கிரெடிட் கார்டில் எடுத்து அனுப்பிவிட்டு, "வேலை அதிகம், போன் எடுக்க முடியல" என்கிறோம்.

இந்த நேரத்தில் யாராவது ஒருவர், "கவலைப்படாதே, தற்காலிக ஷிப்டுக்கு நர்ஸ் அனுப்பும் ஏஜென்சியில் சேர்ந்துவிடு, காசும் அதிகம்" என்பார். நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த யோசனை எல்லோருக்கும் பொருந்தாது. நிரந்தர வசிப்புரிமையோ குடியுரிமையோ உள்ளவர் நாளைக்கே போய்ப் பதிவு செய்யலாம். ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருப்பவருக்கு அந்த வழி கிடையாது. ஸ்பான்சர் செய்த வேலையில் இருக்கும்வரை, விதிகளுக்கு உட்பட்டு வாரத்துக்கு 20 மணி நேரம் கூடுதலாக வேறிடத்தில் ஷிப்ட் பார்க்கலாம். அந்த வேலையே போய்விட்டால் இந்த அனுமதியும் போய்விடும். பிறகு உள்துறையின் கடிதம் வரும். அதில் வழக்கமாகக் கொடுப்பது 60 நாள். அதற்குள் புதிய ஸ்பான்சரைக் கண்டுபிடித்து விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி வந்த பிறகுதான் புது வேலையில் கால் வைக்கலாம். இடையில் ஏஜென்சியில் ஒரு நைட் பார்த்தாலும் அது விதிமீறல். அந்தப் பதிவு பின்னாளில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

ஆகவே விசாவில் இருப்பவர்கள் ஏஜென்சியைத் தேடி அலைய வேண்டாம், ஸ்பான்சரைத் தேடுங்கள். "பாதியில் போனால் செலவைத் திருப்பித் தர வேண்டும்" என்று பழைய நிறுவனத்தார் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அவர்களே அனுப்பிவிட்டு அந்தப் பணத்தைக் கேட்டால், தொழிற்சங்கத்திடம் காட்டாமல் ஒரு பவுண்டுகூடக் கொடுக்காதீர்கள். ஸ்பான்சர் கட்ட வேண்டிய இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜை உங்கள் தலையில் கட்டுவதற்குச் சட்டம் இடம் தரவில்லை.

இனி ஏஜென்சிக்குப் போகக்கூடியவர்களுக்கு. முதலில் பேங்க் ஷிப்ட் கிடைக்கிறதா பாருங்கள். பேங்க் என்பது மருத்துவமனை நிர்வாகமே தன் தேவைக்கு வைத்திருக்கும் நர்ஸ்களின் பட்டியல். வார்டும் மனிதர்களும் பழகிவிடும். ஏஜென்சியில் அதிகக் காசு என்ற பேச்சு பழைய காலத்தது. 2015இலேயே என்.எச்.எஸ். அதற்கு உச்சவரம்பு கொண்டுவந்துவிட்டது. இப்போது ஏஜென்சிச் செலவையே குறைத்துக்கொண்டு வருகிறார்கள்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் மணிக்கூலியைப் பார்த்து மயங்காதீர்கள். ஏஜென்சிக்கும் உங்களுக்கும் இடையில் சம்பளம் போடும் அம்ப்ரெல்லா கம்பெனி ஒன்று இருந்தால், முதலாளி கட்ட வேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸும் அதன் கட்டணமும் அந்தத் தொகையிலிருந்தே கழியும். விடுமுறைச் சம்பளமும் பல நேரம் அதற்குள்ளேயே அடக்கம். பதிவு செய்யும்போது ஏஜென்சி உங்களுக்கு முக்கியத் தகவல் தாள் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். கைக்கு எவ்வளவு வரும் என்ற மாதிரிக் கணக்கு அதில் இருக்கும். வேலை தேடித் தருவதற்கு உங்களிடம் கட்டணம் கேட்டால் அது சட்டவிரோதம், எழுந்து வந்துவிடுங்கள். ஒரே இடத்தில் ஒரே பணியை 12 வாரம் தொடர்ந்து பார்த்தால், அங்கே நேரடியாக வேலைக்கு எடுத்திருந்தால் என்ன அடிப்படைச் சம்பளமோ அதைக் கேட்கும் உரிமை வருகிறது.

வேலையின் தன்மையையும் சொல்ல வேண்டும். ஏஜென்சி நர்ஸாக முதல் நைட் போவது, அடுத்த வீட்டு அடுக்களையில் நின்று கல்யாணச் சமையல் செய்வது மாதிரி. மருந்து அலமாரிச் சாவி யாரிடம், கணினிக்குக் கடவுச்சொல் எது, அவசர டிராலி எங்கே, எதுவும் தெரியாது. இருப்பதிலேயே கடினமான நோயாளிகள் உங்கள் பக்கம் வருவார்கள். நம் பெண்கள் கேட்கக் கூச்சப்பட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். ஹேண்டோவரிலேயே வாய் திறந்து கேளுங்கள். உங்களுக்குப் பயிற்சி இல்லாத வேலையைக் கொடுத்தால் "எனக்கு இதில் பயிற்சி இல்லை" என்று சொல்லிவிடுங்கள், சொன்னதை எழுதியும் வையுங்கள். தவறு நடந்தால் நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்.எம்.சி. முன் உங்கள் பதிவு எண்ணான பின் நம்பர்தான் நிற்கும், ஏஜென்சி நிற்காது.

மணிக்கணக்கையும் குறித்து வையுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பதிவைப் புதுப்பிக்கும் ரீவேலிடேஷனுக்கு 450 மணி நேரப் பணி வேண்டும். நர்ஸாகப் பார்த்த ஏஜென்சி ஷிப்டும் அதில் சேரும். தற்காலிக வேலையில் இருக்கும்போது பதிவு காலாவதியாகிவிட்டால், அடுத்த நிரந்தர வேலைக்கான கதவும் சாத்திக்கொள்ளும்.

சங்கம் என்ன செய்யலாம்? விசா ஆலோசனை மட்டும் சொல்லக் கூடாது. பதிவு பெறாதவர் இந்த நாட்டில் அதைச் சொல்வது குற்றம். நம் வாட்ஸ்அப் வழக்கறிஞர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. விசா ஆலோசனைக்குத் தொழிற்சங்கமும் பதிவுபெற்ற ஆலோசகர்களும் இருக்கிறார்கள். நாம் செய்யக்கூடியது வேறு: பேஸ்லிப்பைப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்க்க, நேர்காணலுக்குப் போகும் நாளில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர, தொழிற்சங்கக் கூட்டத்துக்குத் துணைக்குப் போக ஆள் வேண்டும். சாப்பாட்டு வேளையில் பதிவு மேசைக்குப் பக்கத்தில் நிற்பேன். உதவ முடிந்தவர்கள் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். உதவி தேவைப்படுகிறவர்கள் பெயரே சொல்ல வேண்டாம், வந்து பேசினால் போதும்.