ஆலந்தூரின் பாதாளச் சாக்கடையும் வளர்ச்சி நிதியும்

வளர்ச்சி நிதி என்பது கடன்தான். வட்டி உண்டு, தவணை உண்டு, திருப்பிச் செலுத்தியே ஆகவேண்டும். ஆனாலும் சாதாரண வங்கிக் கடனிலிருந்து அது வேறுபட்டது. மற்றவர்கள் தயங்கி ஒதுங்கும் இடங்களுக்கு அது போகிறது. பதினைந்து, இருபது ஆண்டுகள் பொறுத்திருக்கிறது. போட்ட பணம் திரும்பியதா என்று பார்ப்பதோடு, அந்தப் பணத்தால் ஊருக்குத் தண்ணீர் வந்ததா, கழிவு ஆற்றில் கலக்காமல் நின்றதா என்றும் கேட்கிறது. உலக வங்கி, ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி, 1956-இல் தொடங்கப்பட்ட சர்வதேச நிதிக் கழகம் எனப் பல நிறுவனங்கள் இந்த வேலையில் உள்ளன. இந்தியாவில் கிராமப்புறத்துக்கென நபார்டு வங்கி 1982-இல் வந்தது.

இப்படிப்பட்ட பணம் ஓர் ஊருக்குள் வந்து என்ன செய்யும் என்பதைப் பார்க்கச் சென்னையை ஒட்டிய ஆலந்தூர் நல்ல சான்று.

1990-களில் ஆலந்தூர் தனி நகராட்சி. மக்கள்தொகை ஒன்றரை லட்சம் அளவில் இருந்தது. சென்னை மாநகரம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் இங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அது நிரம்பினால் லாரியை வரவழைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். குளியலறைத் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் தெருவோரத் திறந்த சாக்கடையில் ஓடித் தேங்கின. கொசுத் தொல்லையும் கெட்டுப்போன நிலத்தடி நீரும் அதன் விளைவுகள்.

இதைச் சரிசெய்யச் சுமார் 34 கோடி ரூபாய் தேவைப்பட்டது. சொத்து வரியையும் அரசு மானியத்தையும் நம்பி நடக்கும் ஒரு நகராட்சிக்கு அது எட்டாத தொகை. வங்கிகளும் இத்தகைய கடனுக்கு எளிதில் முன்வருவதில்லை. மண்ணுக்கடியில் புதைத்த குழாயை எந்த வங்கியும் ஜப்தி செய்து ஏலம் விட முடியாது. பணத்தைத் திரும்ப எடுக்கவோ பல ஆண்டுகள் ஆகும்.

இந்த இடைவெளியை அடைக்கவே தமிழ்நாட்டில் ஒரு நிதி உருவாகியிருந்தது. உலக வங்கியின் உதவியோடு 1988-இல் நகராட்சி நகர்ப்புற வளர்ச்சி நிதி தொடங்கப்பட்டது. 1996-இல் அது தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமாக மாறியது. அரசோடு ஐ.சி.ஐ.சி.ஐ., எச்.டி.எஃப்.சி., ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். ஆகிய நிதி நிறுவனங்களும் கூட்டுச் சேர்ந்தன. நிதியத்தை நடத்தும் நிறுவனத்தில் அரசின் பங்கு அப்போது 49 விழுக்காடு மட்டுமே இருந்தது. இது சிறிய செய்தியாகத் தெரியலாம். ஆனால் கடன் கேட்கும் நகராட்சி இனி அரசியல் செல்வாக்கைக் காட்டிப் பயனில்லை, வரவு செலவைக் காட்ட வேண்டும் என்ற நிலை இதனால்தான் வந்தது. வசூலாகும் வரியிலிருந்து கடன் தவணைக்கு உரியது முதலில் ஒரு தனிக் கணக்கில் ஒதுங்கிவிடும். மிச்சம்தான் மற்றச் செலவுக்கு.

ஆலந்தூர்த் திட்டத்துக்கு இந்த நிதியமும், டஃபிட்கோ என்ற அரசு நிதிக் கழகமும் கடனும் மானியமும் கொடுத்தன. ஆனால் இந்தத் திட்டம் பேசப்படுவதற்குக் காரணம் அதுவல்ல. மக்களே போட்ட பணம். இணைப்புப் பெற விரும்பும் ஒவ்வொரு வீடும் 5,000 ரூபாய் டெபாசிட் கட்டவேண்டும், வணிக நிறுவனங்கள் 10,000 ரூபாய் கட்டவேண்டும் என்று முடிவானது. அன்றைய 5,000 ரூபாய் பல குடும்பங்களுக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். அதைப் பள்ளம் வெட்டும் முன்பே கட்டச் சொன்னார்கள். இணைப்புக்குப் பிறகு மாதக் கட்டணம் வேறு.

தெருவில் ஒரு குழாய்கூட இறங்காத நிலையில் மக்கள் எப்படிப் பணம் கொடுத்தார்கள்? அப்போதைய நகர்மன்றத் தலைவர் ஆர்.எஸ். பாரதியும் உறுப்பினர்களும் குடியிருப்போர் நலச் சங்கங்களைத் தேடிப் போய்ப் பேசினார்கள். எவ்வளவு செலவாகும், எவ்வளவு கடன், மாதம் என்ன கட்ட வேண்டியிருக்கும் என்பதெல்லாம் முன்கூட்டியே சொல்லப்பட்டன. டெபாசிட் பணம் நகராட்சியின் பொதுக் கணக்கில் கரையாமல் தனியே வைக்கப்பட்டது. மொத்தச் செலவில் கால் பங்குக்கும் மேல் இப்படி மக்களிடமிருந்தே வந்தது. உலக வங்கி அறைகளில் தீட்டிய எந்தத் திட்டத்தைவிடவும் இந்த வசூல்தான் கடன் கொடுத்தவர்களுக்குத் தைரியம் தந்திருக்கும். முன்பணம் கட்டியவர் நாளைக்குக் கட்டணமும் கட்டுவார். வேலை சரியில்லை என்றால் நகராட்சிக்குப் போய்க் கேட்கவும் செய்வார்.

2000-இல் குழாய் பதிக்கும் வேலை தொடங்கியது. பெருங்குடியில் நாளொன்றுக்கு 120 லட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் தனியார் முதலீட்டில் கட்டப்பட்டது. கட்டியவர்களே சில ஆண்டுகள் நடத்திப் பிறகு நகராட்சியிடம் ஒப்படைப்பது என்பது ஒப்பந்தம். குறைகள் இல்லாமலில்லை. குடிசைப் பகுதிகளில் வாழ்வோருக்கு அந்த டெபாசிட் மலைக்க வைக்கும் தொகைதான். பாதாளச் சாக்கடை மிகவும் தேவைப்படுகிறவர்களே அதற்குப் பணம் கட்ட இயலாதவர்கள் என்பது இவ்வகை நிதியின் தீராத சிக்கல். அந்த இடத்தில் கடன் போதாது. மானியம் வந்தே ஆகவேண்டும்.

ஆலந்தூரைவிடச் சிறிய ஊர்களின் பாடு இன்னும் கடினம். அகமதாபாத் மாநகராட்சி 1998-இல் மாநில அரசின் உத்தரவாதமின்றி 100 கோடி ரூபாய்க்குக் கடன்பத்திரம் வெளியிட்டது. ஒரு பேரூராட்சி அப்படிச் சந்தைக்குப் போனால் யார் வாங்குவார்கள்? 2002-இல் தமிழ்நாடு இதற்கு ஒரு வழி கண்டது. பத்துக்கு மேற்பட்ட சிறு நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் ஒன்றுசேர்த்து, குடிநீர், துப்புரவுப் பணிகளுக்காக ஒரே கடன்பத்திரம் வெளியிடப்பட்டது. தொகை சுமார் 30 கோடி ரூபாய், காலம் 15 ஆண்டு, வட்டி 9.2 விழுக்காடு. ஓர் ஊர் தவணை தவறினால் அதற்கு மாநில அரசு தரவேண்டிய நிதியில் பிடித்துக்கொள்ளலாம். அதற்கும் மேல் ஒரு கையிருப்பு நிதி. கடைசியாக, அசலில் பாதிக்கு அமெரிக்க வளர்ச்சி உதவி முகமையின் உத்தரவாதம். உள்நாட்டு முதலீட்டாளரின் அச்சத்தைப் போக்குவதுதான் இங்கே வெளிநாட்டுக் கையெழுத்தின் வேலை. வளர்ச்சி நிதியின் மிகச் சிக்கனமான, மிகப் பயனுள்ள வடிவம் இதுவே என்று சொல்லலாம். 2006-இல் மத்திய அரசு இதே பாணியில் நாடு முழுமைக்கும் ஒரு திட்டம் வகுத்தது.

வளர்ச்சிக்கென்று வரும் பணம் எல்லாம் நன்மை செய்துவிடுவதில்லை. குஜராத்தின் முந்திராவில் கடலோரம் எழுந்த பெரும் அனல்மின் நிலையத்துக்கு 2008-இல் சர்வதேச நிதிக் கழகம் 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. அங்கே கடலை நம்பி வாழ்ந்த மீனவர்கள், நிலையத்திலிருந்து வெளியேறும் சுடுநீரால் மீன்வளம் குறைந்ததென்றும், நிலக்கரித் தூசி காயப்போட்ட கருவாட்டில் படிகிறதென்றும் புகார் செய்தார்கள். கழகத்தின் சொந்தக் குறைதீர்ப்பு அமைப்பே 2013-இல், மீனவர்களைப் போதிய அளவு கலந்து பேசவில்லை என்று கண்டறிந்தது. கழகத்தின் மீது அவர்கள் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. இத்தகைய நிறுவனங்களுக்கு வழக்கிலிருந்து முழு விலக்கு இல்லை என்று 2019-இல் தீர்ப்பு வந்தது. பிறகு கீழமை நீதிமன்றங்கள் வேறு காரணம் சொல்லி வழக்கை ஏற்கவில்லை.

ஆலந்தூரில் திட்டத்தோடு வாழப்போகிறவர்கள் கையில் டெபாசிட் ரசீது இருந்தது. முந்திராவின் மீனவர்களிடம் அப்படி ஒரு பிடி இல்லை. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் இன்று சுற்றுச்சூழல், சமூகத் தரங்களை எழுதி வைத்திருக்கின்றன; சர்வதேச நிதிக் கழகத்தின் தரங்கள் 2006 முதல் நடைமுறையில் உள்ளன. அந்த விதிகள் எந்த அளவுக்குப் பலிக்கும் என்பது, பாதிக்கப்படுகிறவர் கடன் கையெழுத்தாகும் முன்பே பேச முடிந்ததா என்பதைப் பொறுத்தது. பலனை அளப்பதிலும் இதே கவனம் வேண்டும். எத்தனை கிலோமீட்டர் குழாய் பதித்தார்கள் என்பது ஒப்பந்தக்காரரின் கணக்கு. எத்தனை வீடுகள் இணைந்தன, அவற்றில் ஏழை வீடுகள் எத்தனை, சுத்திகரித்து வெளியேறும் நீர் எந்தத் தரத்தில் இருக்கிறது, கழிவுக்குழிக்குள் மனிதர் இறங்குவது நின்றதா என்பவை ஊரின் கணக்கு. கடன் தவணை முடிந்த பின்னும் இந்தக் கணக்கைத் தொடர்ந்து எடுக்கவேண்டும். மோட்டாரும் குழாயும் பழுதாவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.